கொதிகலன் அறையிலிருந்து எழுந்த பாட்டு

ரொக் இசை என்றதும் மூக்கைச் சுளிக்கும் தோழர்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அது ஏகாதிபத்தியத்தின் சீரழிந்த சரக்கு. சோவியத் இளைஞரைக் கெடுத்துச் சோஷலிசத்தையே கவிழ்க்க உதவிற்று என்பது அவர்தம் வாதம். இதனை நாம் அடியோடு மறுக்கிறோம்.

விக்டர் த்சோய் யார்? கொரிய வம்சாவழித் தந்தைக்கும் ருஷ்யத் தாய்க்கும் 1962 இல் லெனின்கிராட்டிற் பிறந்தவர். அந்நகரின் கொதிகலன் அறையொன்றிலே கரி வாரிப்போட்டுப் பிழைத்தவர். அங்கீகாரம் பெறாத கலைஞன் ஏதேனும் ஒரு வேலையைக் காட்டாவிடின், 'ஒட்டுண்ணி' எனச் சட்டமே அவனைத் தண்டிக்கக்கூடிய காலம் அது. தொழிலாளர் அரசெனத் தன்னை அழைத்துக்கொண்ட அரசு, கரி வாரிய ஒருவனின் பாட்டைக் கேட்க ஏன் அஞ்சவேண்டும்? இதில் ஏகாதிபத்தியத்தின் கை எங்கே இருக்கிறது?

அவரது 'கினோ' குழு, மாற்றங்கள் வேண்டும் எனும் அப்பாட்டை 1986 இல் லெனின்கிராட் ரொக் மன்ற விழாவிலே பாடியது. (அம்மன்றமும் 1981 இல் இரகசியப் பொலிஸின் கண்காணிப்பிலேயே திறக்கப்பட்டதாகும்.) கொர்பச்சேவின் சீர்திருத்தக் காலத்தில், 1988 இலே திரைக்கு வந்த சொலொவ்யோவின் 'அஸ்ஸா' படம் அதனை நாடெங்கும் பரப்பிற்று. படத்தின் இறுதிக் காட்சியை நம் தோழர்கள் அவசியம் பார்க்கவேண்டும். உணவுச்சாலையிற் பாடும் வேலைக்கு வந்த த்சோய்க்கு நிருவாகி அம்மையார் விதிகளை வாசிக்கிறார். பிரிவு, உட்பிரிவு, மீண்டும் பிரிவு. த்சோய் எழுந்துபோய் மேடையேறிப் பாடத் தொடங்குகிறார். அம்மையாரோ கேட்பாரின்றியும் வாசித்துக்கொண்டே இருக்கிறார்! மண்டபம் விரிந்து, ஒளியேந்திய பல்லாயிரவர் திரண்ட திடலாகிறது.

அந்த அம்மையாரைப் பார்வையாளர் உடனே இனங்கண்டிருப்பர். பள்ளியிலும் ஆலையிலும் வதிவிட நிருவாகத்திலும் அன்றாடம் அவர்கள் கண்ட முகம் அது. கட்சியின் செவி அடைத்துப்போய் வெகுகாலமாகியிருந்தது. அவ்வாட்சியை வீழ்த்திய நோய் அதுவே. நோயைச் சுட்டிய பாடகனைக் குற்றவாளியாக்குவது எவ்வகை மார்க்சியம்?

இப்பாட்டை முதலாளித்துவத்துக்கான வரவேற்பு மடலாகக் கொண்டாடுவோரையும் நாம் நம்புவதற்கில்லை. த்சோய் 1990 ஓகஸ்டில் வீதி விபத்தில் மாண்டார். 1992 ஜனவரியிலே விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டு, ருஷ்ய உழைப்பாளரின் சேமிப்பு கரைந்தது. அதனை வேண்டியா அந்த இளைஞர் கைதட்டினர்? 2020 ஓகஸ்டில், பெலாருஸின் தலைநகர் மின்ஸ்கிலே, அரச ஏற்பாட்டு நிகழ்ச்சியொன்றில் இதே பாட்டை ஒலிக்கச் செய்த ஒலியமைப்பாளர் இருவருக்கு 10 நாட்சிறை விதிக்கப்பட்டது.