நூலக விழா மழைக்காலத்துலதான் நடக்கணுமா? அனகாபுத்தூர் கேட்க வேண்டிய கேள்வி

எந்தக் கிளை நூலகத்தின் நோட்டீஸ் போர்டிலும் வருஷத்துக்கு மூன்று தேதிகளை எதிர்பார்க்கலாம். ஏப்ரல் 23, உலகப் புத்தக நாள். ஆகஸ்ட் 12, எஸ்.ஆர்.ரங்கநாதன் நினைவாக நூலகர் தினம். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா. பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, ஒரு குரூப் போட்டோ. அவ்வளவுதான், விழா முடிஞ்சது. சில ஊர்களில் பார்வையாளர்களைவிட பொன்னாடைகள் அதிகம்.

இந்தத் தேதிகள் டெல்லிக்கும் பொருந்தும், திண்டுக்கல்லுக்கும் பொருந்தும். அனகாபுத்தூருக்கு? இது அடையாற்றங்கரை ஊர். 2015 டிசம்பரில் ஆறு கரை தாண்டியபோது தண்ணீர் வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். செம்பரம்பாக்கம் ஏரியில் எவ்வளவு திறந்தாங்க என்ற செய்திக்குக் காத்திருந்து, பத்திரத்தையும் ரேஷன் கார்டையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி பரண்மேல் வைக்கும் மாதம் நவம்பர். அந்த வாரத்தில் பேச்சுப் போட்டிக்கு யார் வருவாங்க?

அதே நூலகம் செப்டம்பரில் ஒரு ஞாயிறு மாலையை ஒதுக்கலாம். 2015இல் எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகள் ஒரு சார்ட்டில் வரைபடமாக வரையட்டும். நனைந்த சான்றிதழுக்கு நகல் வாங்குவது எப்படி என்று விவரம் தெரிந்த ஒருவர் விளக்கட்டும். இதுக்குப் பெரிய செலவு கிடையாது.

அனகாபுத்தூரின் இன்னொரு சொத்து தறி. ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப் என்ற பெயரில் இங்கே நெய்த துணி ஒரு காலத்தில் நைஜீரியா வரை போனது. பிறகு அந்த ஏற்றுமதி சரிந்தது, தறிகள் குறைந்தன. வாழைநாரில் சேலை நெய்து ஊரின் பெயரை மறுபடி பேச வைத்தவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். ஒரு நெசவாளர் அம்மா நூலகத்தில் உட்கார்ந்து நாரைப் பிரித்துக் காட்டினால், அதைவிடச் சிறந்த சிறப்பு விருந்தினரை வெளியூரிலிருந்து கூட்டி வர முடியுமா?

இதையெல்லாம் கேட்க மக்களுக்கு என்ன உரிமை என்று தோன்றலாம். இருக்கு. 1948இல் வந்த பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இன்றைய விகிதம் ரூபாய்க்கு 10 பைசா. கணக்குக்கு, 2,000 ரூபாய் சொத்து வரி என்றால் 200 ரூபாய் நூலகத்துக்கு. வாடகை வீட்டுக்காரர்களும் வாடகை வழியாக இதைக் கட்டிக்கிட்டுதான் இருக்காங்க. அனகாபுத்தூர் நகராட்சி 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால் இப்போது வசூலிப்பது மாநகராட்சி. ஆனால் நூலகத்தை நடத்துவது மாவட்ட நூலக ஆணைக்குழு. கவுன்சிலரிடம் போனால் 'அது எங்க டிபார்ட்மென்ட் இல்லீங்க' என்ற பதில் வர இதுதான் காரணம். வசூலான வரி ஆணைக்குழுவுக்குத் தாமதமாகப் போய்ச் சேருவதும் பழைய கதை. சென்னை மாநகராட்சியின் நூலக வரி பாக்கி பலமுறை செய்தியாகியிருக்கிறது.

அதற்காக நூலகர் மேல் பழி போடுவது நியாயமில்லை. கிளை நூலகங்கள் பலவற்றில் புத்தகம் கொடுப்பதும் வாங்குவதும் பதிவேடு எழுதுவதும் ஒரே ஆள்தான். நிகழ்ச்சியை யோசித்து நடத்த வேண்டியது வாசகர் வட்டம். அதில் சேரப் பெரிய தகுதி எதுவும் வேண்டாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பல ஊர்களில் அதைத் தாங்கி நிற்கிறார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதே அறையில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களையும், மாலையில் பிள்ளையை விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் அம்மாக்களையும் வட்டத்துக்குள் யாரும் கூப்பிடுவதில்லை. நிகழ்ச்சிகள் ஒரே மாதிரி இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏற்றி கிராமம் கிராமமாக அனுப்பினார். வாசகர் எங்கே, எந்த நேரத்தில் இருப்பார் என்று பார்த்துப் போன வண்டி அது.

செப்டம்பர் கூட்டம் வேண்டும் என்பவர்கள் ஜூலையிலேயே கேட்பது நல்லது. ஒரு வெள்ளைத்தாள், பத்துப் பேர் கையெழுத்து, நூலகரிடம் ஒரு பிரதி, மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு பிரதி. கூடவே சொத்து வரி ரசீதின் நகலையும் இணைக்கலாம்.