தண்ணீர்க் கஞ்சி பாப்பாவுக்குப் போதுமா?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஐந்தாறு மாதக் குழந்தை ஒன்று இருக்கலாம். நாம் சாப்பிடும்போது அது நம் வாயையே பார்க்கும். கையை நீட்டித் தட்டை இழுக்கும். “பிள்ளைக்குக் கஞ்சி கொடுக்கத் தொடங்கலாமே” என்பார் பாட்டி. “டப்பா மாவு வாங்கிக் கரைத்துக் கொடுத்தால் போதும்” என்பார் சித்தி. “ஒரு வயது வரைக்கும் பால் போதும்” என்பார் இன்னொருவர். இதில் நமக்கு என்ன வேலை என்று நீங்கள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவீர்கள்.

போகாதீர்கள், மாணவர்களே. படிவம் 2 அறிவியலில் உணவுச் சத்துகளையும் செரிமானத்தையும் படித்திருக்கிறீர்கள். அயோடின் கரைசலைச் சொட்டிவிட்டு மாவுச்சத்தைக் கண்டுபிடிக்கவும் தெரியும். அந்த அறிவு தேர்வுத் தாளோடு நின்றுவிட வேண்டியதில்லை. குழந்தையின் முதல் கவளத்தைப் பற்றி வீட்டில் நடக்கும் பேச்சில் கலந்துகொள்ள அது தாராளமாகப் போதும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை உணவை வீட்டில் சமைப்பது நல்லது, செலவும் குறைவு. ஆனால், வீட்டில் சமைத்தது என்ற ஒரே காரணத்தால் அது சத்தான உணவு ஆகிவிடாது. கிண்ணத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கைப் போடுவதில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வேறுபாடும் தேவையில்லை.

ஏன் ஆறு மாதம்?

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். ஆறு மாதம் நிறைந்ததும் இணை உணவு. கூடவே இரண்டு வயது வரையிலோ அதற்கு மேலுமோ தாய்ப்பால். இதுவே உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆறு மாதம் என்பது நல்ல நாள் பார்த்துக் குறித்த கணக்கு அன்று. அதன் பின்னால் இரும்புச்சத்து இருக்கிறது.

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை, தாயின் கருவிலேயே இரும்புச்சத்தைச் சேமித்துக்கொண்டு வருகிறது. அந்தச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதத்துக்குத் தாங்கும். தாய்ப்பாலில் உள்ள இரும்புச்சத்து எளிதில் உறிஞ்சப்படும் என்றாலும் அளவில் மிகக் குறைவு. ஒரு லிட்டரில் அரை மில்லிகிராம்கூட இருக்காது. குழந்தையோ வேகமாக வளர்கிறது; இரத்தத்தின் அளவு கூடுகிறது; மூளை வளர்கிறது. அமெரிக்கப் பரிந்துரையின்படி 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். அதே பரிந்துரையில் வளர்ந்த ஆணுக்கு 8 மில்லிகிராம்தான்! மடியில் உட்கார்ந்திருக்கும் பாப்பாவுக்கு அப்பாவைவிட அதிகம் தேவைப்படுகிறது.

அதற்காக நான்கு மாதம் நிரம்பாத குழந்தைக்கு அவசரப்பட்டு ஊட்டவும் கூடாது. தலை நேராக நிற்க வேண்டும். சாய்மானம் கொடுத்தால் உட்கார வேண்டும். வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளும் அனிச்சைச் செயல் குறைந்திருக்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இவை ஆறு மாத அளவில் கூடிவருகின்றன.

கஞ்சியின் கணக்கு

இப்போது பாட்டியின் கஞ்சிக்கு வருவோம். 100 கிராம் அரிசியில் சுமார் 360 கிலோகலோரி ஆற்றல் உண்டு. அதை ஒரு லிட்டர் தண்ணீரில் கொதிக்க வைத்தால் மொத்தம் 1,100 கிராம் கஞ்சி (ஆவியாகும் நீரை விட்டுவிடுவோம்). அப்படியானால் 100 கிராம் கஞ்சியில் 33 கிலோகலோரி. தாய்ப்பாலில் 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 65 முதல் 70 கிலோகலோரி இருக்கிறது. அதாவது, “பால் போதவில்லை” என்று சொல்லி நாம் கொடுக்கும் தண்ணீர்க் கஞ்சியில் பாலில் உள்ள ஆற்றலில் பாதிதான் இருக்கிறது.

குழந்தையின் இரைப்பை சிறியது; கிலோ எடைக்குச் சுமார் 30 மில்லிலிட்டர்தான் கொள்ளும். ஏழு கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு கோப்பைகூடப் போகாது. போதுமான தாய்ப்பால் குடிக்கும் 6 முதல் 8 மாதக் குழந்தைக்கு, இணை உணவிலிருந்து நாளொன்றுக்கு மேலும் 200 கிலோகலோரி தேவை. அரைக் கோப்பை, அதாவது 125 மில்லிலிட்டர் வீதம் மூன்று வேளை தண்ணீர்க் கஞ்சி கொடுத்தாலும் 124 கிலோகலோரிதான் கிடைக்கும். வயிறு நிறைந்துவிடும், பாலும் குறைவாகவே குடிக்கும்.

அதே 100 கிராம் அரிசியை 300 மில்லிலிட்டர் தண்ணீரில் குழைய வேகவைத்து மசித்தால், 100 கிராமில் 90 கிலோகலோரி. இரண்டு அரைக் கோப்பையிலேயே 200-ஐத் தாண்டிவிடலாம். கரண்டியைச் சாய்த்தால் உணவு ஒழுகி ஓடக் கூடாது. கரண்டியிலேயே நிற்க வேண்டும். இதுவே சமையலறையில் செய்யக்கூடிய எளிய சோதனை. தொடக்கத்தில் இரண்டு மூன்று தேக்கரண்டி போதும். பிறகு மெதுவாக அளவைக் கூட்டலாம்.

கேழ்வரகு செய்யும் வேலை

“கெட்டியாகக் கொடுத்தால் பிள்ளை விழுங்காதே” என்று பாட்டி கேட்பார். நியாயமான கேள்வி. அதற்கான விடையும் பாட்டியின் சமையலறையிலேயே இருக்கிறது: முளைகட்டிய கேழ்வரகு.

கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டும்போது விதைக்குள் அமிலேஸ் என்ற நொதி பெருகுகிறது. உங்கள் உமிழ்நீரில் இருப்பதும் அமிலேஸ்தான். முளைத்த தானியத்தைக் காயவைத்து, இளஞ்சூட்டில் வறுத்து, அரைத்து வைத்துக்கொள்ளலாம். கெட்டியான கஞ்சி சற்று ஆறியதும், கை பொறுக்காத சூடு இருக்கும்போதே, அதில் ஒரு தேக்கரண்டி மாவைக் கலந்து சில நிமிடம் விட்டால் கஞ்சி இளகிவிடும். நீண்ட மாவுச்சத்துச் சங்கிலிகளை அமிலேஸ் துண்டாக்குவதே காரணம். தண்ணீர் ஊற்றாமலே கஞ்சி இளகியதால் ஆற்றல் குறையவில்லை. பிறகு மீண்டும் ஒருமுறை கொதிக்கவைத்து, ஆறவிட்டு ஊட்ட வேண்டும். முளைகட்டும்போது கிருமிகளும் பெருகியிருக்கலாம் அல்லவா?

இந்த மாவைக் கருகக் கருக வறுத்தால் நொதி அழிந்துவிடும். கொதிக்கும் கஞ்சியில் போட்டாலும் அதே கதிதான். ஏன் என்று உங்களுக்கே தெரியும். நொதியும் வெப்பமும் பற்றிய பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அரிசி மட்டும் போதாது

ஆற்றல் கிடைத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. வெள்ளை அரிசியில் இரும்புச்சத்து மிகக் குறைவு. இறைச்சி, கோழி, ஈரல், மீன் ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் உறிஞ்சும். பருப்பிலும் கீரையிலும் உள்ளதை உறிஞ்சுவது கடினம். ஆனால், வைட்டமின் சி சேர்ந்தால் அது கூடும். எனவே, சைவக் குடும்பத்தில் அரிசியும் பாசிப்பருப்பும் முருங்கைக் கீரையும் குழைய வேகவைத்து மசித்து, பிறகு நன்கு பழுத்த பப்பாளியை மசித்து இரண்டு வாய் கொடுக்கலாம். அசைவம் உண்பவர்கள் அதே கிண்ணத்தில் முள் நீக்கிய மீனையோ மசித்த கோழி இறைச்சியையோ சேர்க்கலாம். அரைத் தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டால் ஆற்றலும் கூடும்.

டப்பா மாவை ஒரேயடியாகத் திட்டுவதும் சரியன்று. இரும்புச்சத்து சேர்த்த மாவு, அந்த ஒரு விஷயத்தில் வெறும் அரிசிக் கஞ்சியை வென்றுவிடும். ஆனால், சில மாவுகளில் சர்க்கரையும் சேர்ந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உட்பொருள்கள் அளவின் வரிசைப்படிதான் அச்சிடப்பட்டிருக்கும். சர்க்கரை முன்வரிசையில் இருந்தால் அதைத் திரும்ப அடுக்கில் வைத்துவிடச் சொல்லுங்கள்.

நிபுணர்களும் மாற்றிக்கொண்டார்கள்

2000-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை நிலக்கடலை கொடுக்க வேண்டாம் என்று சொன்னது. போதிய சான்று இல்லாததால் 2008-இல் அதைக் கைவிட்டது. அதே ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளிடையே நிலக்கடலை ஒவ்வாமை, இஸ்ரேலியக் குழந்தைகளிடையே இருப்பதைப் போல் பத்து மடங்கு என்று காட்டியது. இஸ்ரேலில் கைக்குழந்தைகளே கடலைத் தின்பண்டம் சாப்பிடுகிறார்கள்.

அந்த வேறுபாட்டைச் சோதித்துப் பார்க்க, லண்டனில் பேராசிரியர் கிடியன் லேக் குழுவினர் கடுமையான தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு கடலையைத் தவிர்த்தது; மற்றொன்று தவறாமல் சாப்பிட்டது. ஐந்து வயதில் பார்த்தபோது, தவிர்த்தவர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 3.2 விழுக்காட்டினருக்குத்தான். 2015-இல் இந்த முடிவு வெளியானது. மருத்துவப் பரிந்துரைகள் தலைகீழாயின.

முழுக் கடலையைக் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. அது தொண்டையில் சிக்கும், உயிருக்கே ஆபத்து. நைசாக அரைத்து உணவில் கலக்க வேண்டும். கடும் தோல் அழற்சியோ ஏற்கெனவே ஒவ்வாமையோ உள்ள குழந்தையாக இருந்தால் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மூன்று எச்சரிக்கைகள்

பிறந்த குழந்தையின் நாவில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டுவைக்கும் “சேனை” வழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு வயதுக்குள் தேன் வேண்டவே வேண்டாம். தேனில் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். வீட்டு அடுப்பில் கொதிக்கவைத்தாலும் அந்த வித்துகள் சாகாது. சடங்கு வேண்டும் என்றால் தாய்ப்பாலையே ஒரு துளி தொட்டுவைக்கலாமே!

அடுத்தது உப்பு. ஒரு வயது வரை தனியாக உப்போ சர்க்கரையோ சேர்க்கத் தேவையில்லை. காய்ந்த நெத்திலியில் உப்பு அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம். நம் நாக்குக்குச் சப்பென்று இருப்பது குழந்தைக்குச் சப்பென்று இருக்காது.

மூன்றாவது, காலையில் சமைத்ததை மாலை வரை மேசையில் வைப்பது. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையில் கிருமிகள் பெருகும். நம் நாட்டு வெயிலில் சமையலறை எப்போதும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் ஊட்ட வேண்டும் அல்லது குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். எச்சில் கரண்டி பட்ட மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

“நாங்களெல்லாம் வளரவில்லையா?”

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். அதில் ஒரு தருக்கப் பிழை இருக்கிறது: நன்றாக வளர்ந்தவர்கள்தான் இன்று நம்மோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். வளராமல் போனவர்கள் கணக்கில் வருவதில்லை. மேலும், இரும்புச்சத்துக் குறை வெளியே தெரியாது. குழந்தை சிரிக்கும், தவழும். மூளை வளர்ச்சி மட்டும் பாதிக்கப்படலாம். பின்னாளில் சத்து கொடுத்தாலும் அந்த இழப்பு முழுதாக ஈடாகாமல் போகக்கூடும். மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஐவரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதாக 2022-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பு காட்டியது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. முதல் இரண்டு வயதின் உணவு அவற்றில் முக்கியமானது.

ஆகவே, பாட்டியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கஞ்சியின் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். “பாட்டி, தண்ணீரைக் குறைத்துப் பருப்பு சேர்ப்போமா?” என்று கேளுங்கள். கேழ்வரகை முளைகட்ட அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அமிலேஸ் என்ற பெயரை நீங்கள் சொல்லிக்கொடுங்கள். அடுத்த முறை கிளினிக்கில் பாப்பாவை எடை போடும்போது உடன் சென்று, பதிவேட்டில் உள்ள வளர்ச்சி வரைபடத்தைப் பாருங்கள். வரைபடம் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் இருப்பது அம்மாவுக்கும் உதவியாக இருக்கும்.