ஒற்றை எண்ணை நம்பி அஞ்சலாமா?

விருத்தாசலத்தில் இன்று காலையில் ரத்தம் கொடுத்தால், மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே மாலையில் முடிவு கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. சினைப்பைப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி முடித்திருந்த என் தமக்கையின் முடிவும் அப்படித்தான் வந்தது. சிஏ-125 என்னும் புற்றுநோய்க் குறிப்பான் (டியூமர் மார்க்கர்) 48. இயல்பு வரம்பு 35. முந்தைய முறை 22. நோய் திரும்பிவிட்டதென்றே வீட்டில் அனைவரும் எண்ணினோம். இரண்டு நாள் அவர் சரியாக உண்ணவில்லை.

மருத்துவர் கேட்டது ஒன்றுதான்: "இரண்டும் ஒரே ஆய்வகமா?" இல்லை. முந்தையது புதுச்சேரியில், இது எங்கள் ஊரில். அடிப்படை ஆண்டு வேறுபட்ட இரு விலைக் குறியீட்டெண்களை நேரடியாக ஒப்பிடக் கூடாது என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். வீட்டுக்குள் அந்தப் பாடம் எனக்கே மறந்துவிட்டது!

சிஏ-125 ஒரு புரதம். அதை அளக்கும் கருவியும் வேதிப்பொருளும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், ஒரே ரத்தம் இரு ஆய்வகங்களில் இரு எண்களைத் தரக்கூடும். மாதவிடாய், எண்டோமெட்ரியோசிஸ், கல்லீரல் நோய், நம் நாட்டில் மறக்கக் கூடாத வயிற்றுக் காசநோய் ஆகியவையும் அதை உயர்த்தும். பெருங்குடல் புற்றுநோயில் பார்க்கப்படும் சிஇஏ, புகைபிடிப்போரிடம் இயல்பாகவே சற்றுக் கூடுதல். கீமோதெரபி பலன் தரும்போதும் தொடக்க வாரங்களில் குறிப்பான் தற்காலிகமாக ஏறிப் பின் இறங்குவதுண்டு. எங்கள் ஊர்ப் பீங்கான் சூளைக்காரர்களும் வெப்பமானியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சூளையைத் திறப்பதில்லை. வெப்பம் ஏறி, நின்று, இறங்கும் போக்கைத்தான் பார்க்கிறார்கள்.

உயர்வு உண்மையானதாகவே இருந்தால்? 2010இல் 'லான்செட்' இதழில் வெளியான ஐரோப்பிய ஆய்வில், சிகிச்சை முடிந்து நலமாக இருந்து, பின்னர் சிஏ-125 வரம்பைப் போல் இருமடங்குக்கு மேல் உயர்ந்த 529 பெண்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். உடனே மீண்டும் கீமோதெரபி தொடங்கியவர்கள், அறிகுறி தோன்றும்வரை காத்திருந்தவர்களைவிட நீண்ட காலம் வாழவில்லை. புதிய மருந்துகள் வந்துள்ள இந்நாளில் அம்முடிவை அப்படியே பொருத்த இயலாதுதான். ஆனால், எண் ஏறியதும் ஓடினால்தான் உயிர் தப்பும் என்ற அச்சத்துக்கு அது பதில் சொல்கிறது. விந்தகப் புற்றுநோயில் கதை வேறு. அங்கே ஏஎஃப்பி, எச்சிஜி குறிப்பான்களின் தொடர் உயர்வு சிகிச்சையையே மாற்றிவிடும். ஆகவே, எந்தக் குறிப்பானையும் அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை.

நோயே இல்லாதவர்களுக்கும் 'முழு உடல் பரிசோதனை' என்ற பெயரில் இவற்றைச் சேர்த்து விற்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது: ஆண்டுதோறும் சிஏ-125 பார்த்தும் சினைப்பைப் புற்றுநோய் மரணங்கள் குறையவில்லை. அச்சத்துக்குச் சந்தையில் எப்போதும் தேவை உண்டு. அதற்காக அதை விற்பனைக்கு வைக்கலாமா?

ஆய்வகங்கள் இரண்டு காரியங்களைச் செய்யலாம். எந்தக் கருவி, எந்த முறை என்பதையும், வேறு ஆய்வக எண்ணோடு ஒப்பிடக் கூடாது என்பதையும் முடிவுத்தாளில் தமிழில் அச்சிடலாம். சிகிச்சையில் இருப்பவரின் முடிவை மருத்துவருக்கும் அதே நேரத்தில் அனுப்பலாம். இதற்குப் பெரிய செலவு இல்லை.

நான்கு வாரம் கழித்துப் பழைய ஆய்வகத்திலேயே தமக்கைக்கு மறுபரிசோதனை நடந்தது. அளவு 24. அடுத்த பரிசோதனைத் தேதியை நாட்காட்டியில் குறித்தவர், பக்கத்திலேயே அந்த ஆய்வகத்தின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்.