இறக்கையுள் தங்கிய நீர்

காற்றாடிமலையில், புனித தேவசகாயம் 1752-இல் உயிர் ஈந்த பாறையருகே நின்று நோக்குவோர், ஆரல்வாய்மொழிக் கணவாயெங்கும் காற்றாலைகள் சுழல்வதைக் காண்பர். அவற்றின் மூன்று இறக்கைகளும் ஒத்த எடையுடையனவாயிருந்தாற் போதுமென்றே நாமும் எண்ணியிருந்தோம். போதாது. எடை எவ்விடத்தில் அமைந்துள்ளது என்பதே முதன்மையானது. கிணற்றுத் துலாவை இறைத்தவர் இதனை எளிதில் உணர்வர். அச்சிலிருந்து 20 மீட்டர் தொலைவில் மிகும் ஒரு கிலோ, ஒரு மீட்டரில் வைத்த 20 கிலோவுக்கு ஒப்பாகும். ஆகவே ஆலையிலேயே மூன்றையும் ஒருசேர நிறுத்து, குறைந்தவற்றினுள் ஈடு வைத்து அனுப்புகின்றனர்.

பின்னரும் சமன் கெடுவதுண்டு. இறக்கை நுனியிலுள்ள வடிதுளை அழுக்கால் அடைபட்டால், உட்புகுந்த நீர் அங்கேயே தங்கிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கோபுரம் அசையும், தாங்கிகள் தேயும். அப்பொழுது சுழற்சியை நிறுத்தி, ஒருவர் கயிற்றில் இறங்கி அச்சிறு துளையைத் திறந்துவிடுகிறார்.