ஈரம் குடித்த ஓவன்

நத்தாருக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அம்மாவின் ஓவனைத் துடைத்து, பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டேன். வீடு முழுக்க இருண்டது. ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தது. தூக்கிவிட்டேன், மறுபடி விழுந்தது. மூன்றாம் தரம் தூக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐயா 1981இல் கொழும்பிலிருந்து மன்னார் ரயிலில் ஏற்றிவந்த ஓவன் அது. அந்த ரயில் 1990இல் நின்று, 2015இல்தான் தலைமன்னாருக்குத் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில், கரண்ட் இல்லாத நாட்களில், எலி நுழையாத ஒரே இடம் என்று அம்மா ஓவனுக்குள் பிறப்புச் சான்றிதழ்களையும் காணி உறுதியையும் வைத்துப் பூட்டினார். அதை எப்படித் தூக்கி எறிவது?

கனடாவிலிருந்து தங்கச்சி சொன்னாள்: "அக்கா, அதை எறிஞ்சுபோட்டுப் புதுசு ஒண்டு வாங்குங்கோ. நான் காசு அனுப்புறன்." புது விலையில் பாதிக்கு மேல் திருத்தச் செலவு வந்தால் விட்டுவிடு என்று ஒரு கணக்கும் சொன்னாள். நல்ல கணக்குத்தான். ஆனால் அது உப்புக் காற்று வீசாத ஊரின் கணக்கு. மன்னார்த் தீவில் இரும்புக்கு ஆயுசு குறைவு. தென்கரையில் தம்பபவனியின் 30 காற்றாலைகளையும் சுற்றிவிடுகிற அதே காற்று, வீட்டுக்குள்ளும் வந்து யன்னல் கொளுக்கியிலும் சைக்கிள் ரிம்மிலும் உப்பைப் பூசிவிட்டுப் போகிறது. இங்கே ஒரு பொருளுக்கு எத்தனை வயது என்று கேட்பதைவிட, அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பேசாலையிலிருந்து திருத்துகிற அண்ணை வந்தார். அறுபதைத் தாண்டியவர். பின்தகட்டின் நான்கு ஸ்குரூவில் ஒன்று துருப்பிடித்து முறிந்தது. தகட்டைக் கழற்றி, எலிமென்டின் இரு முனையிலும் மீட்டரை வைத்தார். 53 ஓம் காட்டியது. 230 வோல்ட்டில் 1000 வாட் இழுக்கிற எலிமென்டுக்கு அது சரியான அளவு, உள்ளே கம்பி அறவில்லை. பிறகு கசிவைச் சோதிக்கிற மெகரை எடுத்து ஒரு முனையை எலிமென்டிலும் மறு முனையை வெளிக் குழாயிலும் வைத்துப் பார்த்தார். முள் அடியில் கிடந்தது.

"இது சாகேல்ல, தங்கச்சி. ஈரம் குடிச்சிருக்கு."

எலிமென்டின் குழாய்க்குள் சூட்டுக் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஒக்சைட் என்ற வெள்ளைத் தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். சூட்டை வெளியே விடும், கரண்டை விடாது. மாதக்கணக்கில் பாவிக்காமல் விட்டால், முனைகளின் அடைப்பு வழியாக அந்தத் தூள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு கரண்ட் அதன் வழியே கசிந்து எர்த்துக்குப் போகும். வீடுகளில் இருக்கும் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிவுக்குள் விழுந்துவிடும். எங்கள் ஓவனை வருடத்தில் ஒரு கிழமைதான் பாவிக்கிறோம்.

மேல் எலிமென்டையும் கீழ் எலிமென்டையும் கழற்றி, பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு போனார். தனக்குத் தெரிந்த பேக்கரியில் பாண் இறக்கிய பிறகு போறணைச் சூடு விடியும்வரை நிற்கும், அதற்குள் ஒரு இரவு கிடந்தால் காய்ந்துவிடும் என்றார். போறணை என்றதும் எனக்குச் சின்ன வயது வந்தது. இந்த ஓவன் வருமுன் நாங்களும் கேக் தட்டைத் துணியால் மூடி, பேக்கரிப் போறணைக்குத்தான் கொண்டுபோவோம். பாணும் போறணையும் போர்த்துக்கேயச் சொற்கள். 1560இல் மன்னாரில் கோட்டை கட்டியவர்கள் விட்டுப்போன சொற்கள்.

மறுநாள் எலிமென்டுகளைக் கொண்டுவந்து, முனைகளைச் சிலிக்கனால் அடைத்துப் பூட்டினார். மெகரின் முள் மேலே ஏறியது. கதவுச் சீல் பொருக்காகிப் போயிருந்ததால் அதையும் மாற்றச் சொன்னேன். எல்லாம் சேர்த்துப் புது விலையில் ஆறில் ஒன்றுகூட ஆகவில்லை.

முன்தினம் விசாரித்த கடையில், புது ஓவன் கரண்டை மிச்சம் பிடிக்கும் என்றார்கள். 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் கூடியதைக் கண்ட நாங்கள் அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்காமல் இருக்க முடியாது. ஆனால் 1000 வாட் எலிமென்ட் பழசிலும் புதுசிலும் ஒரே சூட்டைத்தான் தரும். சூடு வீணாவது கதவிடுக்கிலும் சுவரிலும்தான். அதற்குத்தான் சீலை மாற்றினோம்.

இதைச் சொல்வதால் எல்லாரும் பழசைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நினைக்க வேண்டாம். தாழ்வுபாட்டில் சித்தி வீட்டு ஓவனின் அடித்தகடு, விரல் பட்டதும் அப்பளம்போல உடைந்தது. எர்த் வயர் பூட்டுகிற இடமே துருவாகிவிட்டது. தொட்டால் ஷொக் அடிக்கக்கூடிய பெட்டியை வைத்து யாரும் கேக் சுடக் கூடாது. வயதில் அது எங்களுடையதைவிட எவ்வளவோ இளையது. அன்றைக்கே பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க வைத்தேன்.

எங்கள் ஓவனில் இன்னும் ஒரு குறை உண்டு. டயலை 150இல் வைத்தால் உள்ளே 175 காட்டுகிறது. றிச் கேக்குக்கு அந்தச் சூடு ஆகாது, மேல் கருகி நடு வேகாமல் நிற்கும். இரண்டு தரம் சோதித்துப் பார்த்து, உள்ளே 150 வருகிற இடத்தில் சிவப்பு நெயில் பொலிஷால் ஒரு புள்ளி வைத்தேன். முதல் கேக் இரண்டரை மணித்தியாலத்தில் ஒரே நிறமாக வெந்தது.

போகும்போது அண்ணை ஒன்று சொன்னார்: சுட ஒன்றும் இல்லாவிட்டாலும் மாதத்தில் ஒருக்கால் அரை மணித்தியாலம் வெறுமனே சூடாக்குங்கோ, ஈரம் தங்காது. புதுக் கலண்டரில் ஒவ்வொரு மாதத்து முதல் சனிக்கிழமையையும் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.