நிறுத்தற்குறி நாவலர்

நாம் இருபது ஆண்டுகளாக வகுப்பில் ஆறுமுக நாவலரைக் கற்பித்து வருகிறோம். உள்ளபடி சொன்னால், கற்பித்தது நாவலரை அன்று. இரண்டு மதிப்பெண் வினா ஒன்றை. தமிழ் உரைநடையின் தந்தை யார்? ஆறுமுக நாவலர். அவர்தம் பணி யாது? நிறுத்தற்குறிகளைக் கையாண்டார், பழைய நூல்களைப் பிழையறப் பதிப்பித்தார். மாணவர் எழுதுகிறார், நாம் மதிப்பெண் இடுகிறோம். தீர்ந்தது.

அந்த உரைநடை எதற்காக எழுந்தது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. அது சண்டைக்காக எழுந்தது.

1822இல் நல்லூரில் பிறந்தவர், யாழ்ப்பாணத்து மெதடிஸ்தப் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியரானார். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். பாதிரிமாரின் சிறு பிரசுரம் எப்படி வீடுதோறும் நுழைகிறது என்பதை அருகிருந்தே கண்டவர் அவர். 1847 இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கினார். மறு ஆண்டு பள்ளி. அதற்கடுத்த ஆண்டு அச்சியந்திரம் வாங்கத் தமிழகப் பயணம். ‘நாவலர்’ என்ற பட்டத்தைத் திருவாவடுதுறை ஆதீனம் வழங்கியதும் அப்போதுதான். 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ வெளிவந்தது. அதன் வாதம் இன்றும் வியக்க வைப்பது. ஆலயம், தூபம், தீபம், பலி என்று சைவரிடம் எவற்றையெல்லாம் பாதிரிமார் இகழ்ந்தனரோ, அவற்றையெல்லாம் அவர்களுடைய பழைய ஏற்பாட்டிலிருந்தே எடுத்துக் காட்டினார். விவிலியத்தை வரிவரியாகக் கற்றவரால் அன்றி இது இயலாது.

அவர் பாதிரிமாரோடு நிற்கவில்லை. 1872இல் எழுதிய ‘யாழ்ப்பாணச் சமயநிலை’ சொந்தச் சமயத்தார் மீதே பாய்ந்தது. 1875இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை நடத்தியவர்கள் அகப்பட்டனர். 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்தவர், அதே கையால் அரசாங்க அதிபர் துவைனத்தைக் கண்டித்தும் எழுதினார். 1879இல் சட்டநிரூபண சபைக்கு இராமநாதனை அனுப்ப வேண்டும் என்று முன்நின்று உழைத்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே மறைந்தார். இவ்வளவையும் ‘உரைநடைப் பணி’ என்ற ஒற்றைத் தலைப்பில் அடக்கிவிடும் நம் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும்!

இந்த மழுப்பலில் நமக்கு ஓர் ஆதாயம் உண்டு. கண்டனக்காரரைப் பாடத்தில் வைத்தால் அவரோடு வழக்காட வேண்டிவரும். சாதி வரம்பைச் சைவ ஒழுக்கத்தின் கூறாகவே அவர் எழுதினார். சிறுவர்க்கென ஆக்கிய நூல்களும் இதற்கு விலக்கல்ல. நிறுத்தற்குறியைப் புகழ்ந்துகொண்டிருந்தால், அந்தக் குறிகளுக்கு இடையே என்ன எழுதியிருந்தது என்று பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

‘அது காலத்தின் குறை, அவர் குறையன்று’ என்பார் நண்பர். எந்தக் காலம்? 1867இல் வடலூரில் இராமலிங்க அடிகள் தருமச்சாலை தொடங்கி, சாதி பாராது சோறிட்டார். அதுவும் அதே காலந்தான். அந்த அடிகளின் பாடல்கள் ‘அருட்பா’ ஆகா என்றுதான் நாவலர் பெயரால் வழங்கும் ‘போலியருட்பா மறுப்பு’ வாதிட்டது. பூசல் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இருவர்க்கும் காலம் ஒன்று, சைவம் ஒன்று, தமிழும் ஒன்று. ஆகவே காலத்தின் மேல் பழிபோடுவது நாவலருக்கே இழுக்கு. தாம் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பேற்று வாதுக்கு நின்றவர் அவர். அவரைக் காலம் என்னும் போர்வைக்குள் ஒளிக்க நாம் யார்?

அவரை வெறுக்கச் சொல்லவில்லை. அந்நிய ஆட்சியின் நிழலில், பணபலமும் பள்ளிபலமும் மிக்க ஓர் அமைப்பை ஒரு சிறு அச்சுக்கூடத்தை வைத்துக்கொண்டு எதிர்த்து நின்றவரை வணங்கவே தோன்றுகிறது. ஆயின் படித்துவிட்டு வணங்குவோம், படித்துவிட்டு மறுப்போம். சிலைக்கு மாலையிடுவதற்கு அவர்தம் நூல் ஒன்றும் தேவையில்லை.

‘சைவதூஷண பரிகார’த்தையும் ‘போலியருட்பா மறுப்’பையும் அருட்பாவோடு சேர்த்து முதுகலைக்குப் பாடமாக வைக்கலாம் என்று ஒரு பாடத்திட்டக் கூட்டத்தில் நாம் கேட்டதுண்டு. ‘சர்ச்சைக்குரியவை, வேண்டாமே’ என்றார் மூத்தவர் ஒருவர். பிறகு தேநீர் வந்தது. நாவலருக்கு வழக்கம்போல் இரண்டு மதிப்பெண் ஒதுக்கப்பட்டது.