கதிரவன் நாட்டில் கஞ்சாவுக்கு விளக்கா?

ஏற்றுமதி மருந்துக்காகக் கஞ்சா பயிரிட 2025ஆம் ஆண்டில் வெளிநாட்டு முதலீட்டாளர் எழுவர்க்கு அரசு இசைவளித்தது. அப்பயிரைப் பூட்டிய அறைக்குள் அடைத்து, கதிரொளியை ஒத்த முழுநிற விளக்கின்கீழ் வளர்ப்பதே நவீனம் என்பாரும் உளர். அவர்களை நாம் கேட்கிறோம்: வினாயகபுரம் முதல் கல்முனை வரை கொட்டிக் கிடக்கும் வெயிலுக்கு என்ன குறை?

கனடாவிலே கடும்பனி, அங்கே விளக்கு வேண்டும். இங்கோ ஆண்டு முழுவதும் பகற்பொழுது ஏறத்தாழ 12 மணி நேரம். கஞ்சா பூப்பதற்கு வேண்டிய பகலும் இரவும் இயற்கையே அளந்து தந்தவை! மாரிமுகில் மூடும் நாட்களில் குறை நிரப்ப விளக்கு வேண்டுமாயின், பழைய சோடிய விளக்கை விடுத்து, குறைந்த மின்னில் நிறைந்த ஒளி தரும் எல்.ஈ.டி. விளக்கைக் கொள்ளட்டும்.

ஆனால் விளக்கோடு செலவு முடிவதில்லை. குளிரூட்டியும் ஈரம் உறிஞ்சும் பொறியும் மின்சாரத்தை விழுங்கும். அறைக்குள் விளைந்த ஒரு கிலோ உலர்பூவுக்கு 2,283 முதல் 5,184 கிலோ வரை காபனீரொட்சைட்டு வெளியேறும் என அமெரிக்க ஆய்வொன்று 2021இல் கணக்கிட்டது. 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் இருளில் கிடந்த நாடு இதனைத் தாங்குமா?

நாட்டு வைத்தியத்துக்கோ, வழக்குகளிற் கைப்பற்றப்பட்டு வீரியமிழந்த பழஞ்சரக்கே கிடைத்து வந்தது. புதுவிளைச்சல் அயலானுக்கு, சருகு நமக்கு! என்னே நீதி!

ஆட்சியாளரே, வெயிலை முதலாக்குங்கள். விளைச்சலில் ஒரு பங்கைச் சித்த, யூனானி, ஆயுர்வேத வைத்தியர்க்கு ஒதுக்குங்கள். செடிக்கு ஒளியும் குடிக்கு இருளும் என்றால், அத்திட்டத்தை நாம் ஏற்கோம்!